இணையத்தில் மாப்பிள்ளை பகுதியை விசாரித்தது

என் இளைய மகள் தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்கு மேல் பருப்பை விட்டுக்கொண்டிருந்தபோது. பெடியனின் தகப்பன் ஜெர்மன்காரர். தாய் இங்கிலாந்துக்காரி. பெடியனுக்கு இங்கே சுவிசில், பேர்ணில் பொறியியலாளர் வேலை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அப்பளம் கேட்டாள்.

என் கணவர் அப்பளத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். மூத்த மகள் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது. எனக்கு வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"அப்ப நாங்கள் ஆரிட்டை விசாரிக்கிறது?"

"என்னத்தை விசாரிக்கிறது?"

"அவையளைப் பற்றி."

"அம்மா, அவரிட்டையே கேளுங்கோவன்."

இப்படிச் சொல்கிற பிள்ளைக்கு எதை விளங்கப்படுத்துவது? சம்பந்தம் பேசப்போகிறவரிடமே அவருடைய குணத்தைக் கேட்பதென்பது, மீன்காரனிடமே மீன் பழசோ என்று கேட்பது மாதிரி. யாழ்ப்பாணத்துப் பெடியன் என்றால் ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணைக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். ஊரைச் சொன்னால் ஒழுங்கையைச் சொல்வார். ஒழுங்கையைச் சொன்னால் அந்த வீட்டில் யார் குடிப்பார், யார் தம்பியோடு காணிக்குச் சண்டை பிடித்தார், யாருக்கு வலிப்பு என்பதெல்லாம் பின்னேரத்துக்குள் வந்து சேரும். "என்ன ஆக்கள்?" என்று எங்கள் சனம் கேட்கும் அந்தச் சின்னக் கேள்விக்குள் சாதியிலிருந்து சர்க்கரை வியாதி வரைக்கும் அடங்கியிருக்கிறது.

மூத்தவளுக்கு அப்படித்தான் விசாரித்தோம். அண்ணை மூன்று நாட்டுக்கு ஃபோன் அடித்துக் கேட்டார். எல்லாரும் "தங்கமான பெடியன்" என்றார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் அவள் சூட்கேசுகளுடன் நாங்கள் இருக்கும் சோலோதுர்ன் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அவனுக்குக் கோபம் வந்தால் கை நீளும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னார்கள்: "எங்களுக்கு அப்பவே தெரியும். தகப்பனும் அப்படித்தான். ஆனால் ஒரு பெடியன்ரை வாழ்க்கையை நாங்கள் ஏன் கெடுப்பான் எண்டு பேசாமல் இருந்திட்டம்."

அந்த "பேசாமல் இருந்திட்டம்" இன்னும் என் நெஞ்சுக்குள் நிற்கிறது. இப்போதும் சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வாசல் மணியை அடித்தால், கதவைத் திறந்ததும் நான் பார்ப்பது முகத்தை அல்ல, கையில் சூட்கேஸ் இருக்கிறதா என்றுதான். தபால்காரர் ஒருநாள் குழம்பிப்போய்த் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். இன்னொரு பிள்ளை அப்படி வந்து நிற்கக்கூடாது. எனக்கு இருந்த பயம் முழுவதும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூத்தவள் திரும்பி வந்ததை நான் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. "சூரிச்சிலை ஒரு படிப்புப் படிக்கிறாள், அதுதான் எங்களோடை நிக்கிறாள்" என்று கோவிலிலும் கடையிலும் சொல்லிவந்தேன். அந்தப் படிப்பு நீண்டுகொண்டே போனது. உண்மையாகவே படித்திருந்தால் இந்நேரம் பேராசிரியையாகியிருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் நான் அப்படிச் சொல்லும்போது அவள் எழும்பிப் போய்க் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவாள்.

"ஜெர்மன்காரரை விசாரிக்கிறதுக்கு நீர் ஏன் கஷ்டப்படுறீர்?" என்றார் என் கணவர். சுவிசுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவியவர். "டாவோஸிலை நான் கழுவாத ஜெர்மன்காரன்ரை கோப்பை இல்லை. கோப்பையைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லுவன். மிஞ்சின குழம்பைப் பாண் துண்டாலை துடைச்சுச் சாப்பிட்டிருந்தால் நல்ல குடும்பம்."

"பகிடி விடாதேங்கோ அப்பா" என்றேன், பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே.

"ஓமோம். பகிடிதான். வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கோப்பையிலை சோத்தைப் போட்டுக் குடும். முடிவை நான் சொல்லுறன்."

பெடியன் ஒருநாள் கோப்பி குடிக்க வந்தான். காலணியை வாசலில் கழற்றினான், நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். மூத்தவளைக் கட்டினவனும் முதலில் அப்படித்தான் தெரிந்தான். கேக்கை வெட்டி வைத்துவிட்டு, சும்மா கேட்பது போல, தகப்பன் பிறந்த ஊர் எது, அம்மம்மா கலியாணத்துக்கு முதல் வைத்திருந்த குடும்பப் பெயர் எது என்று கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னான். மகள் என் காதுக்குள் குசுகுசுத்தாள்:

"அம்மா, இது பாங்கிலை கடவுச்சொல் மறந்தால் கேக்கிற கேள்வி. அவர் தன்ரை காசெல்லாம் போகப்போகுது எண்டு நினைக்கப்போறார்."

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். கிழமை நாளில் ஓய்வு கிடைக்கும் காலைகளில், ஆரே ஆற்றின் பனிப்புகார் யன்னலை மூடியிருக்க, சமையலறை மேசையில் மகளின் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினேன்.

முதலில் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஆட்களின் கடைசிப் பெயர் என்பது தகப்பனின் பெயர். அந்தப் பழக்கத்தில், பெடியனின் கடைசிப் பெயரைத் தகப்பனின் முதற்பெயராக நினைத்துத் தேடினேன். ஒருவரும் கிடைக்கவில்லை. பெயரே இல்லாத தகப்பனா என்று பயந்துபோனேன். அதன் பிறகுதான் அது பரம்பரைப் பெயர் என்பது மண்டையில் ஏறியது. அதைப் போட்டுத் தேடியபோது ஜெர்மனி முழுவதும் வந்து நின்றது. தச்சன் என்பது போல அது தொழிலால் வந்த பெயர், ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

"தச்சர் எண்டால் நல்லதுதானே" என்றார் கணவர். "அலுமாரிக் கதவு கழண்டு கிடக்குது."

அடுத்த அதிர்ச்சி, இந்தத் தளங்களில் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்க முடியாது. பரம்பரை மரத்தில் அவர்களுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் "தனிப்பட்டவர்" என்று ஒரு சொல். செத்தவர்களோ வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எங்கள் விசாரணை முழுக்க உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. என்ன செய்வது, கிடைத்தவர்களை விசாரிப்போம் என்று இறங்கினேன்.

இங்கிலாந்துப் பக்கம் இலகு. பிறந்தவர், இறந்தவர் எல்லாரும் அரசாங்கத்தின் ஒரே அட்டவணையில் இருக்கிறார்கள். பதிந்துகொண்டால் வீட்டிலிருந்தே தேடலாம். கலியாணங்களையும் சேர்த்துத் தொண்டர்கள் தட்டச்சுச் செய்து இலவசமாகப் போட்ட அட்டவணையும் உண்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த குடிசன மதிப்பீடு அதைவிடத் திறம். அன்றைக்கு அந்த வீட்டில் படுத்தவர் அத்தனை பேரின் வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். என் அண்ணைகூட இவ்வளவு சொல்லமாட்டார்.

பெடியனின் தாய்வழியில் நாலு தலைமுறைக்கு முந்திய ஒரு பெண்ணின் பிறப்புப் பதிவை அங்கேதான் பிடித்தேன். பிறப்பு அட்டவணையில் பிள்ளையின் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் தாயின் கன்னிப் பெயர் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அந்த இடம் வெறுமை. பொதுவாக அப்படி இருந்தால் தாய் கலியாணம் கட்டவில்லை என்று அர்த்தம் என்பதை உதவிப் பக்கத்தில் வாசித்தபோது என் தேநீர் ஆறிவிட்டது. அடுத்த குடிசன மதிப்பீட்டில் பார்த்தால், அந்தப் பிள்ளையைப் பேத்தி என்று எழுதாமல் அம்மம்மாவின் கடைசி மகள் என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்தபோது அம்மம்மாவுக்கு வயது ஐம்பத்துநாலு.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐம்பத்துநாலு வயதிலை ஆரும் பிள்ளை பெறுவினமோ? மறைச்சுப் போட்டினம் அப்பா."

"சரி, ஆரைக் காப்பாத்த மறைச்சவை?"

"மகளைத்தான்."

"அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். அவர் என்னைக் குத்துகிறாரா, சும்மா சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜெர்மன் பக்கம் வேறு. நாட்டுக்கென்று ஒரே அட்டவணை கிடையாது. ஊர் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது, ஊர் தெரிந்தால் நிறையக் கிடைக்கும். அண்ணையின் முறையும் அதுதான் என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது. சில ஊர்களில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர் ஊரார் எல்லாரையும் குடும்பம் குடும்பமாகத் தொகுத்து இணையத்தில் ஏற்றியிருப்பார். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளையும் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய கையெழுத்தைப் பார்த்தால் முள்ளுக்கம்பி வேலியை ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்தது போல இருக்கும். வைத்தியர்களின் மருந்துச் சீட்டையே வாசிக்கிற எனக்கு அதில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அதற்கென்றே இணைய மன்றங்கள் இருக்கின்றன. பக்கத்தைப் போட்டு "வாசிக்க உதவுங்கள்" என்று கேட்டால், யாரோ ஒரு புண்ணியவான் கோப்பி குடித்து முடிய முதல் வாசித்துச் சொல்லிவிடுவார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். இவ்வளவு உதவி செய்கிற சனத்திடம் நேரே விசாரித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. சோலோதுர்னில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, பெடியனின் தகப்பன் ஊரையும் குடும்பப் பெயரையும் போட்டு, நல்ல ஜெர்மன் மொழியில் எழுதினேன். இந்தக் குடும்பம் எப்படியான குடும்பம்? குடிக்கிறவர்கள் உண்டா? பரம்பரை வியாதி உண்டா? சகோதரங்கள் ஒற்றுமையா? கணவன் மனைவி கடைசிவரைக்கும் சேர்ந்து இருந்தார்களா? வீட்டில் கை நீட்டுகிற பழக்கம் உண்டா?

மன்றம் ஒரு நாள் முழுக்க ஊமையாகிவிட்டது. அங்கே எல்லாரும் கேட்பது பிறந்த திகதியும் இறந்த திகதியும்தான். பிறகு ஒரு பெண் எழுதினாள்: "மன்னிக்கவும், எந்த நூற்றாண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள்?" இன்னொருவர், காவல்துறை விசாரணை என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது என்றார். வெட்கத்தில் அந்தக் கேள்வியை அழிக்கப் பார்த்தேன். எப்படி அழிப்பதென்று தெரியவில்லை.

மூன்றாவதாகப் பதில் எழுதியவர் தனி மடலுக்கு வந்தார். அந்த ஊரையும் அந்தப் பெயரையும் பற்றி யார் எழுதினாலும் தனக்கு அறிவித்தல் வரும்படி வைத்திருப்பதாகச் சொன்னார். என் கேள்விகளை ஒன்றையும் விடாமல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதியிருந்தார்.

"குடித்தவர்கள் எனக்குத் தெரிய இருவர். ஒருவர் வெறியில் ஆற்றில் விழுந்தார், பிழைத்தார், அதைக் கொண்டாட மறுபடி குடித்தார். பரம்பரை வியாதி: ஆண்களுக்கு அறுபதுக்குப் பிறகு காது மந்தம். அது வியாதி இல்லை, விருப்பம் என்று மனைவிமார் சொல்வதுண்டு. சகோதரங்கள் ஒற்றுமை: ஒரு ஆப்பிள் மரத்துக்காக இரண்டு பேர் இருபது வருடம் கதைக்கவில்லை. மரம் பட்டுப்போன பிறகு கதைத்தார்கள்."

நான் தனியே இருந்து சிரித்தேன். கடைசிப் பதிலில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கை நீட்டுகிற பழக்கம்: ஒருவர். என் தகப்பனின் தகப்பன். என் பாட்டியை அடித்தார். பாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் தமையன் வீட்டுக்குப் போனார், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதுமில்லை. நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். என் தகப்பன் யாரையும் அடித்ததில்லை. நானும் இல்லை. ஆனால் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், என் மனைவியையும் கேளுங்கள்."

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. "இனி நான் ஒன்று கேட்கலாமா? பகிடி சொல்லி முடிக்க முதலே தானே சிரித்துவிடுகிற ஒரு மகள் உங்களுக்கு இருக்கிறாளா?"

இளையவளேதான். மடிக்கணினியை மூடிவிட்டேன். எழுதினது பெடியனின் தகப்பன். என் கேள்வியையும் சோலோதுர்ன் என்ற ஊரையும் கண்ட அன்றே அவருக்கு விளங்கியிருக்கிறது.

அன்றைக்கு நான் வேலையில் ஒருவருக்கு இரண்டு தரம் சூப் கொடுத்தேன், இன்னொருவருக்குக் கொடுக்கவே இல்லை. பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். அந்தப் பாட்டனின் கை இன்னொரு பக்கம். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே அந்தக் குடும்பத்திலும் இருக்கிறது. அண்ணையிடம் சொன்னால் "வேண்டாம், விடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எனக்கோ விட மனம் வரவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மடல் வந்தபோது மூத்தவள் எனக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தகப்பன்காரர் என்னுடைய அதே கேள்விகளைப் பிரதி பண்ணி, நாங்கள் பதில் எழுத இடம் விட்டு, திருப்பி அனுப்பியிருந்தார். இவ்வளவு சுவாரசியமான கேள்விகளைத் தான் மன்றத்தில் கண்டதே இல்லையாம்.

குடிப்பவர்களுக்கு என் கணவரின் சித்தப்பாவைப் போட்டேன். வியாதிக்குச் சர்க்கரையை எழுதினேன். ஒற்றுமைக்கு ஒரு வேலிச் சண்டை இருந்தது, அதையும் எழுதினேன். பிறகு அந்த இரண்டு கேள்விகள் வந்தன. சேர்ந்து இருந்தார்களா? கை நீட்டுகிற பழக்கம் உண்டா? என் விரல் நின்றுவிட்டது.

"ஏன் அம்மா நிப்பாட்டிட்டியள்?"

"யோசிக்கிறன்."

"சூரிச்சுப் படிப்பை எழுதப்போறியளோ?"

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசன் தன்ரை பாட்டனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை வாங்கி வைச்சுக்கொண்டு அவருக்குப் படிப்பைக் குடுக்கப்போறியளோ? எனக்கு நடந்ததைத் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தவையிலை உங்களுக்கு எவ்வளவு கோபம். இப்ப நீங்களும் பேசாமல்தானே இருக்கிறியள்?"

"உனக்காகத்தான் பிள்ளை."

"எனக்குப் படிப்பு வேண்டாம் அம்மா. எனக்குக் களைச்சுப்போச்சு. இஞ்சை தாங்கோ."

வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் எழுதியது நீளமில்லை. தான் மூத்த மகள், கலியாணம் கட்டினவள், அவன் அடித்தான், விட்டுவிட்டு வந்துவிட்டாள், இப்போது சுகமாக இருக்கிறாள், சூரிச்சில் எதையும் படிக்கவில்லை. கடைசி வரியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெங்காயம் நல்ல சாட்டாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் இளையவளிடம் சொன்னபோது அவள் கண்ணைச் சுழற்றினாள். "அக்காவைப் பற்றி அவைக்கு எப்பவோ தெரியும். நான் முதல் கிழமையே சொல்லிப்போட்டன். நீங்கள் சொல்லுறியளோ எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

வசந்தத்தில் பெடியனின் தாயும் தகப்பனும் அவனோடு ரயிலில் வந்தார்கள். தகப்பன் உயரம், கக்கத்தில் ஒரு நீளமான காகிதச் சுருள். தாய் கைநிறையப் பூ. அந்தப் பேத்தியை மகளாக்கின கதையை நான் கண்டுபிடித்ததைச் சொன்னபோது தாய் கைதட்டிச் சிரித்தார். தாங்கள் அதைக் கண்டுபிடிக்க எத்தனையோ வருடம் எடுத்ததாம். அடிக்கிற பழக்கத்தைப் பற்றி அவரிடம் தனியே கேட்கவேண்டும் என்று சமையலறைக்குள் கூட்டிப்போனேன். நான் வாய் திறக்க முதலே அவர் என் கையைப் பிடித்தார். "ஒருக்காலும் இல்லை. காது கேட்காத மாதிரி நடிப்பதுதான் இவருடைய ஆகப் பெரிய கொடுமை."

சாப்பாட்டுக்குப் பிறகு சுருளை மேசையில் விரித்தார்கள். ஒரு பக்கம் முழுக்க அவர்களுடைய ஆட்கள். மற்றப் பக்கம் எங்களுக்கென்று வெறுமையாக விட்டிருந்தது. என் கணவர் தன் பாட்டன் வரைக்கும் சொன்னார், பெடியன் பென்சிலால் எழுதினான். மூத்தவளின் இடம் வந்ததும் அவளே கேட்டாள், கட்டிப் பிரிந்ததற்கு என்ன குறி போடுவது என்று. தகப்பன் காட்டினார். கலியாணத்துக்கு ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையம். பிரிந்ததற்கு அதே இரண்டு வளையம் விலகி நிற்க, நடுவில் ஒரு கோடு. அவருடைய பக்கத்தில் அந்தக் குறி அங்கங்கே இருந்தது. பாட்டன் பாட்டிக்கு மட்டும் சட்டப்படி பிரியாததால் கோடு இல்லை, பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்தது.

மூத்தவள் பேனையை வாங்கி வளையம் இரண்டையும் வடிவாகக் கீறி, நடுவில் கோட்டைப் போட்டாள். "கோடு கொஞ்சம் தடிப்பாப் போச்சு" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். இளையவளுக்கும் பெடியனுக்கும் கோத்த வளையத்தைப் போடச் சொல்லி நான் அவசரப்பட்டேன். தகப்பன் மறுத்தார். நடந்த பிறகுதான் எழுதுவதாம். என் கணவர் இதற்குள் எழும்பி எல்லாருடைய கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் பெடியனின் கோப்பையை எனக்குச் சரித்துக் காட்டினார். துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

பின்னேரம் அண்ணை ரொறன்ரோவிலிருந்து எடுத்தார்.

"என்ன தங்கச்சி, வெள்ளைக்காரரை விசாரிச்சு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. பாட்டன் மனிசியை அடிச்சவராம்."

"அப்ப விடு! பேந்தென்ன கதை?"

"அதை அவையாத்தான் சொன்னவை."

அண்ணை தொண்டையைச் செருமினார்.

"சரி, அது என்ன ஆக்கள்தான் பிள்ளை?"

யன்னலால் பார்த்தேன். கீழே பேருந்துத் தரிப்பிடத்தில் மூத்தவள் பெடியனின் தகப்பனுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதைக் கையால் குவித்து, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டால் சொல்லுற ஆக்கள் அண்ணை" என்றேன். "கலியாணத்துக்கு வர ரிக்கெற்றைப் போடுங்கோ."